கென்யா, தான்சானியா பயணப் படங்களில் உள்ள எலி, அணில் வகைகள்: பெயர் சொல்ல முடியுமா?

பிஜே_நடைக்குழு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நடைக்குழுவில் சிலர் கென்யாவும் தான்சானியாவும் போய் வந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் படங்களைக் காட்டப் போகிறோம். சிங்கம், யானை, வரிக்குதிரைக்குப் பெயர் போடுவதில் சிக்கல் இல்லை. சின்ன விலங்குகளில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறோம். தப்பான பெயரோடு திரையில் போட மனம் வரவில்லை. ஒவ்வொன்றிலும் தெரிவதை எழுதுகிறேன்.

படம் 1: வட கென்யா, சம்புரு. தரையில் ஓடும் அணில் மாதிரி. மண் நிறம், உடம்பில் கோடே இல்லை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஒருவர் இதைக் கீரி என்கிறார்.

படம் 2: செரெங்கெட்டியில் ஒரு பாறைக் குன்று (அங்கே கோப்பி என்கிறார்கள், நம் கடைக் கோப்பி அல்ல). முயல் அளவு, வாலே இல்லை. போன் ஆப் கினிப்பன்றி என்றது.

படம் 3: கிளிமஞ்சாரோ ஏறும் வழியில் ஹொரொம்போ முகாம். எலி, முதுகில் நீளவாக்கில் கோடுகள். ஆப் சிப்மங்க் என்றது. கேமராவில் நேரம் இரவு 10.50 என்று இருப்பதால் இது இரவு விலங்கு என்று குறித்து வைத்திருக்கிறோம்.

படம் 4: மாசாய் மாராவை ஒட்டிய தனியார் காப்பகத்தில் இரவு ஜீப்பில் போனபோது எடுத்தது. கங்காரு போலக் குதித்ததாம். படம் மங்கல். இருவர் முயல் என்கிறார்கள், ஒருவர் இல்லை என்கிறார்.

படம் 5: தான்சானியாவின் மொரோகோரோ நகரில் ஓர் உணவகத்தின் பின்புறம். பூனைக்குட்டியைவிடப் பெரிய எலி.

படம் 6: கூடாரத்துக்குள் வந்த சாம்பல் எலி. ஒரே படம், அதுவும் பின்பக்கம்.

இவை தவிர, வழியில் கிடந்த ஒரு முள்ளம்பன்றி முள்ளின் படமும் உண்டு. எடுத்துக்கொள்ளப் போனபோது வழிகாட்டி கீழே போடச் சொல்லிவிட்டாராம்.

கெப்போங்_காடு

முதலில் ஒன்று. நிறத்தையும் பருமனையும் ஒதுக்கி வையுங்கள். ஒரே இனத்தில்கூட மண்ணுக்கு மண் நிறம் மாறும். பக்கத்தில் அளவுக்கு ஒன்றும் இல்லாத படத்தில் பருமனைக் கணிக்கவே முடியாது. வால், காது, பாதம், மூஞ்சி, எடுத்த இடம், எடுத்த நேரம் என்று இந்த வரிசையில் பாருங்கள். பாதிக் கேள்வி வாலிலேயே தீர்ந்துவிடும்.

படம் 1 கீரி இல்லை. சம்புருவில் பகலில் தரையில் ஓடும், கோடில்லாத, வெள்ளைக் கண் வளையம் கொண்ட அணில் என்றால் கோடற்ற தரையணில், ஸேரஸ் ரூட்டிலஸ். வறண்ட முட்புதர் நிலத்து விலங்கு. நம் ஊர் வீட்டுத் தோட்டத்து அணில் மாதிரி மரத்தில் வாழாது, வளை தோண்டி வாழும். மயிர் வைக்கோல் மாதிரி சொரசொரப்பு. காது இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குச் சின்னது. இதன் உறவுக்காரனான கோட்டுத் தரையணிலுக்குத் தோளிலிருந்து தொடை வரை விலாவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். விலங்கு நேராகக் கேமராவைப் பார்த்து நின்றால் அந்தக் கோடு மறைந்துவிடும் என்பதால், விலா முழுக்கத் தெரியும் படம் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள்.

கீரி என்ற சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருக்கும். அந்தப் பக்கம் குள்ளக் கீரிகளும் பகலில் கறையான் புற்றின் மேல் ஏறி நின்று பார்க்கும். ஆனால் கீரியின் வால் அடியில் தடித்து நுனியில் ஒடுங்கும். தரையணில் வாலில் மயிர் இரண்டு பக்கமும் பிரிந்து தட்டையாக விரியும். கீரிக்கு மூஞ்சி கூர். தவிர, குள்ளக் கீரி பெரும்பாலும் கூட்டமாகத்தான் கண்ணில் படும்.

படம் 2 கொறித்துண்ணியே இல்லை. ஆப்பிரிக்காவில் காட்டுக் கினிப்பன்றி கிடையாது, அது தென் அமெரிக்கச் சொத்து. இது ஹைராக்ஸ், பைபிளில் குழிமுசல் என்று வருவது. உறவுமுறையில் யானைக்கும் கடற்பசுவுக்கும் பக்கத்தில் வருகிறது. வாய் திறந்த படம் இருந்தால் மேல் தாடையைப் பாருங்கள். கொறித்துண்ணிக்கு முன்னால் உளி மாதிரி இரண்டு பல் ஒட்டி நிற்கும். ஹைராக்ஸுக்கு இடைவெளி விட்டுக் குட்டித் தந்தம் மாதிரி இரண்டு. பாதத்தில் குளம்பு போன்ற தட்டை நகம்தான், பின்காலின் உள்விரலில் மட்டும் ஒரு கூர் நகம். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று.

செரெங்கெட்டியில் இரண்டு வகை ஒரே பாறையில் கலந்து வாழும், அங்கேதான் பலர் சறுக்குவார்கள். பாறை ஹைராக்ஸ் தடித்தது, மூக்கு மழுங்கல், ஒரே பழுப்பு. புதர் ஹைராக்ஸ் ஒல்லி, மூக்கு கொஞ்சம் நீளம், கண்ணுக்கு மேல் புருவம் தீட்டியது போல் வெளுப்பு, வயிறும் வெளுப்பு. உங்கள் படத்தில் புருவம் இருக்கிறதா?

படம் 3-க்கு ஆப் சொன்ன பதிலைத் தூக்கிப் போடுங்கள். சிப்மங்க் வட அமெரிக்காவிலும் ஆசியாவின் வடக்கிலும் மட்டும்தான். எடுத்த இடத்தை ஆப்பில் கொடுக்காமல் படத்தை மட்டும் காட்டினால், அது அதிகம் பார்த்துப் பழகிய கோட்டு விலங்கைச் சொல்லும். இதில் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: சரியாக முதுகெலும்பின் மேல் ஓடுவது கறுப்புக் கோடா, வெளுத்த பட்டையா? நடுவில் வெளுப்பும் அதன் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு கறுப்புக் கோடும் என்றால் ராப்டோமிஸ், நான்கு கோட்டுப் புல்லெலி. நடுவில் கறுப்பும், பக்கங்களில் நிறைய மெல்லிய வெளிர் கோடுகளோ புள்ளி வரிசைகளோ என்றால் லெம்னிஸ்கோமிஸ் என்ற இன்னொரு கோட்டு எலி. ஹொரொம்போ சுமார் 3,700 மீட்டர் உயரம். அந்த உயரம் ராப்டோமிஸைத்தான் சொல்கிறது. ஆனாலும் இடத்தை வைத்து மட்டும் பெயர் போட வேண்டாம், முதுகைப் பார்த்துச் சொல்லுங்கள்.

4, 5, 6 பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், பிறகு வருகிறேன்.

ஆயர்ஈத்தாம்_லென்ஸ்

பினாங்கிலிருந்து. படம் 3-இன் நேரத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கேமரா மலேசிய நேரத்திலேயே ஓடியிருக்கிறது. கென்யாவும் தான்சானியாவும் நமக்கு 5 மணி நேரம் பின்னால். இரவு 10.50 என்றால் அங்கே மாலை 5.50, சூரியன் இன்னும் இருக்கும். படத்தில் நிழல் விழுந்திருக்கிறதா பாருங்கள், கண்டிப்பாக விழுந்திருக்கும். நான்கு கோட்டு எலி பகல் விலங்கு, அதனால்தான் முகாமில் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் கண்ணிலும் படுகிறது.

எலி அடையாளத்தில் பகலா இரவா என்பது பாதி விடை, அதனால் இதை மொத்தப் படங்களுக்கும் சரி செய்துவிடுங்கள். போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கேமரா மாறாது. போனிலும் கேமராவிலும் ஒரே நேரத்தில் எடுத்த ஒரு காட்சியைத் தேடுங்கள், விமான நிலையப் படமோ குழுப் படமோ போதும். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கேமராவின் எல்லாப் படங்களிலும் கழித்தால் முடிந்தது. தென்னாப்பிரிக்கா, நமீபியா போகிறவர்களுக்கு வித்தியாசம் 6 மணி நேரம், கானாவுக்கு 8. இன்னொரு குழப்பமும் உண்டு. சுவாஹிலியில் மணிக் கணக்கு காலை ஆறிலிருந்து தொடங்கும். வழிகாட்டி சுவாஹிலியில் நான்கு மணி என்று சொல்லி யாராவது அப்படியே எழுதி வைத்திருந்தால் அது நம் பத்து மணி.

அடுத்த முறை போகிறவர்களுக்கு: எலியை மேலிருந்து எடுக்காதீர்கள். நின்றபடி போனைக் குனிந்து பிடித்தால் முதுகு மட்டும் வரும், காதும் பாதமும் வயிற்று நிறமும் போய்விடும். உட்கார்ந்து, விலங்கின் மட்டத்தில், பக்கவாட்டில் எடுங்கள். வால் நுனி வரை சட்டத்துக்குள் வர வேண்டும். வாலை வெட்டிய படம் அழகாக இருந்தாலும் அடையாளத்துக்கு உதவாது. கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் குறையாமல் வைத்துத் தொடர் படம் எடுக்கலாம். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 3200 வரை ஏற்றலாம். புள்ளி புள்ளியாக வந்தாலும் கோடு தெரியும், அசைந்து மங்கினால் ஒன்றும் தெரியாது. போன் என்றால் வீடியோ எடுத்து அதிலிருந்து நல்ல சட்டத்தைப் பிரிப்பதே மேல், ஓடும் விதமும் பதிவாகிவிடும்.

அளவுக்கு ஒரு வழி உண்டு. விலங்கு போன பிறகு, நீங்கள் நின்ற இடத்திலிருந்து நகராமல், ஜூம் மாற்றாமல், அது இருந்த இடத்தில் யாரையாவது டச் என் கோ பயண அட்டையை வைக்கச் சொல்லி இன்னொரு படம் எடுங்கள். அட்டையின் நீளம் 85.6 மில்லிமீட்டர், உலகம் முழுக்க ஒரே அளவு. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் உடல் நீளம் வந்துவிடும். மைகாட் (அடையாள அட்டை) வைக்காதீர்கள், படம் இணையத்தில் போகும். வண்டியை விட்டு இறங்கத் தடையுள்ள பூங்காவில் இதைச் செய்ய முடியாது, முகாமில் மட்டும்தான்.

தாமான்துன்_இரவுநடை

படம் 4 முயலும் இல்லை, கங்காருவும் இல்லை. ஸ்பிரிங்ஹேர். பெயரில்தான் முயல், உண்மையில் கொறித்துண்ணி, தனிக் குடும்பம். கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ளது பெடேட்டஸ் சுர்டாஸ்டர், தெற்கே உள்ளது பெடேட்டஸ் கேபென்ஸிஸ். சுமார் 3 கிலோ எடை. வால் உடம்பு அளவுக்கு நீளம், நுனிப் பக்கம் அடர்ந்த கறுப்பு. காட்டு முயலுக்கு வால் குட்டை, அடியில் வெள்ளை. மங்கல் படத்திலும் இந்த ஒன்று தப்பாது: பின்னால் நீளமாக இருண்டு நீள்வது தெரிந்தால் ஸ்பிரிங்ஹேர்.

பார்த்தவர்களிடம் ஓட்டத்தைக் கேளுங்கள். முயல் நான்கு காலிலும் ஓடி, டார்ச் வெளிச்சத்தில் வளைந்து வளைந்து தப்பிக்கும். ஸ்பிரிங்ஹேர் பின்னங்கால் இரண்டில் மட்டும் துள்ளும், முன்னங்கால்கள் குட்டையாக நெஞ்சோடு ஒட்டியிருக்கும், அவை வளை தோண்டுவதற்கு. தூரத்தில் டார்ச் அடித்தால் கண் மேலும் கீழும் துள்ளும். தலையைப் பக்கவாட்டில் வைத்திருப்பதால் பல நேரம் ஒற்றைக் கண்தான் மின்னும். மரத்தின் மேலே ஜோடியாகச் சிவப்பாக மின்னினால் அது புஷ்பேபி, குரங்கு வழியில் வரும் விலங்கு, இந்தப் பட்டியலிலேயே சேராது.

இரவில் ஃபிளாஷ் வேண்டாம். விளக்குக்குச் சிவப்புத் தாள் போட்டு ஓரமாகக் காட்டச் சொல்லுங்கள். நேராகக் கண்ணில் வெள்ளை ஒளி அடித்தால் விலங்கு உறைந்து நிற்கும். படத்துக்கு வசதி, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆந்தைக்கும் அதே வசதி.

முள்ளைப் பற்றி: வழிகாட்டி செய்தது சரி. கென்யாவின் 2013 வனவிலங்குச் சட்டப்படி முள், பல், நகம் எதையும் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம், கீழே கிடந்து எடுத்தாலும் அதே கதைதான். ஒற்றை முள்ளை வைத்து இனம் சொல்லவும் முடியாது. கொண்டை முள்ளம்பன்றியும் கேப் முள்ளம்பன்றியும் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒன்றின் பரப்புக்குள் ஒன்று வாழ்கின்றன. இடுப்புக்கு மேல் வாலை நோக்கி ஓடும் நடுக்கோடு வெள்ளையாக இருந்தால் கேப், கறுப்பாக இருந்தால் கொண்டை. அது முழு விலங்கும் பின்பக்கம் காட்டினால்தான் தெரியும். உங்கள் படத்துக்கு முள்ளம்பன்றி, ஹிஸ்ட்ரிக்ஸ் பேரினம் என்று மட்டும் போட்டால் போதும்.

பிஜே_நடைக்குழு

மிக்க நன்றி. நேரத்தைக் கழித்துப் பார்த்தோம், படம் 3-இல் நிழல் நீளமாகவே விழுந்திருக்கிறது. முதுகெலும்பின் மேல் வெளுத்த பட்டை, இருபுறமும் இரண்டிரண்டு கறுப்பு. படம் 2-இல் புருவம் பளிச்சென்று இருக்கிறது, மூக்கும் நீளம். படம் 1-க்கு விலா தெரியும் இன்னொரு படம் கிடைத்தது, கோடு இல்லை. படம் 4-இல் இருண்ட வால் இருக்கிறது. படம் 5-இல் வாலின் பின்பாதி வெள்ளையாக இருக்கிறது, சாயம் தோய்த்தது மாதிரி. அது நோயா?

கெப்போங்_காடு

நோய் இல்லை, அதுதான் அடையாளம். ஆப்பிரிக்கப் பெரும் பையெலி, கிரிசெட்டோமிஸ். வால் உடம்பைவிட நீளம், உடம்பை ஒட்டிய பகுதி இருண்டு, ஒரு இடத்தில் வெட்டினாற்போல் வெள்ளைக்கு மாறும். காது பெரிது, மயிரில்லாதது. கன்னத்தில் உணவு சேர்க்கும் பை உண்டு. வளர்ந்தது ஒரு கிலோவைத் தாண்டும். சாக்கடை எலி எவ்வளவு கொழுத்தாலும் சாதாரணமாக அரைக் கிலோதான், வாலும் உடம்பைவிடக் குட்டை, ஒரே நிறம்.

மொரோகோரோ என்றதுமே நினைத்தேன். நிலக்கண்ணி மோப்பம் பிடிக்க எலிகளைப் பழக்கும் அப்போப்போ நிறுவனம் அந்த ஊரில்தான் இருக்கிறது, பழக்குவதும் இந்த வகையைத்தான். 2020-இல் பிரிட்டனின் பிடிஎஸ்ஏ விலங்கு நல அமைப்பின் தங்கப் பதக்கம் வாங்கிய மகாவா அங்கே பயிற்சி பெற்றுக் கம்போடியாவில் வேலை செய்த எலி. சியாம் ரீப்பில் அவர்களுடைய பார்வையாளர் மையத்தில் இந்த வகையை நேரில் பார்க்கலாம். கோலாலம்பூரிலிருந்து ஆப்பிரிக்கா போவதைவிடக் கிட்டம்.

இதைப் புல் வெட்டி எலியோடு குழப்ப வேண்டாம், பெரிய எலி என்றாலே சிலர் அந்தப் பெயரைச் சொல்வார்கள். அதற்கு வால் குட்டை, மயிர் துடைப்பம் மாதிரி விறைப்பு, மேல் வெட்டுப்பல் ஒவ்வொன்றிலும் மூன்று பள்ளக் கோடுகள். ஈரமான நாணல் பக்கம் வாழும். நேரில் பார்ப்பதைவிட, ஒரே நீளத்துக்குக் கடித்துப் போட்ட தண்டுகள் கிடப்பதைத்தான் அடிக்கடி காணலாம்.

படம் 6-க்குப் பெயர் போடாதீர்கள். பின்பக்கம் தெரியும் சாம்பல் எலி என்றால் ஆப்பிரிக்காவில் டஜன் கணக்கில் வரும். எடுத்துக்காட்டுக்கு மாஸ்டோமிஸ் பேரினத்தில் நடாலென்ஸிஸ், கூச்சா என்று இரண்டு இனங்கள். ஒன்றுக்குக் குரோமோசோம் 32, மற்றதற்கு 36. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தெற்கு ஆப்பிரிக்க ஆய்வாளர்களே கையில் பிடித்து வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். “முரிடே குடும்பம், இனம் தெரியாது” என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஊகித்துப் போட்ட இனப் பெயரைவிட அது நூறு மடங்கு மேல்.

ஆக, தலைப்புகள் இப்படிப் போகலாம். 1 கோடற்ற தரையணில். 2 புதர் ஹைராக்ஸ், கொறித்துண்ணி அல்ல. 3 நான்கு கோட்டுப் புல்லெலி, ராப்டோமிஸ் (இந்தப் பேரினத்தைப் பல இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள், பேரினத்தோடு நிறுத்துங்கள்). 4 கிழக்கு ஆப்பிரிக்க ஸ்பிரிங்ஹேர். 5 பெரும் பையெலி, கிரிசெட்டோமிஸ்.

கம்போங்பாரு_ஆசிரியை

இங்கே ஒரு சின்னச் சந்தேகம். யானை மூஞ்சூறு என்று ஒன்று சொல்கிறார்களே, அது எலி வகையா? மாணவர்கள் கேட்டார்கள்.

கெப்போங்_காடு

இல்லை அக்கா. செங்கி என்பார்கள். அதுவும் ஹைராக்ஸும் யானையும் இருக்கும் பக்கத்துக் கிளையில்தான் வருகிறது. நீண்டு அசையும் மூக்கு, ஒல்லிக் கால், பூச்சி தின்னும். மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் இங்கேயே ஒரு ஜோடி உண்டு. கெப்போங் வன ஆய்வு நிலையத்திலோ பினாங்குத் தாவரவியல் பூங்காவிலோ கீழே இலைச் சருகில் அணில் மாதிரி ஒன்று ஓடும். மூஞ்சி கூராக நீண்டு, தோளில் வெளிர் கோடு இருந்தால் அது துப்பாயா, மர மூஞ்சூறு, கொறித்துண்ணி இல்லை. மேலே கிளையில் வயிறு செம்பழுப்பாக, விலாவில் கறுப்பும் வெளுப்பும் கோடாக இருப்பது உண்மையான அணில். மூக்கைப் பார்த்துப் பிரிக்கும் பழக்கம் இங்கே வந்துவிட்டால் அங்கே செங்கியைப் பார்த்ததும் எலி என்று சொல்ல மாட்டார்கள்.

தாமான்துன்_இரவுநடை

கூடாரத்து எலி பற்றி ஒன்று விட்டுப்போனது. அடையாளம் பார்க்கிறேன் என்று செத்த எலியைக் கையால் தூக்காதீர்கள், மாஸ்டோமிஸ் உலாவும் இடத்தில் முக்கியமாக. மேற்கு ஆப்பிரிக்காவில் லாஸா காய்ச்சலைப் பரப்புவது அதன் சிறுநீரும் எச்சமும். பையெலியும் விளையாட்டு இல்லை. 2003-இல் கானாவிலிருந்து செல்லப் பிராணிகளாக அமெரிக்காவுக்குப் போன கொறித்துண்ணிகளோடுதான் எம்பாக்ஸ் (குரங்கம்மை) அங்கே போனது, அதில் பையெலியும் இருந்தது. உணவை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். எச்சம் கிடந்தால் உலரப் பெருக்காமல், கிருமிநாசினி தெளித்து நனைத்துத் துடையுங்கள், தூசு பறந்தால் மூச்சில் போகும். கடித்துவிட்டால் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் ஓட ஓடக் கழுவி, அன்றே மருத்துவரிடம் போகணும். எலிதானே என்று கோலாலம்பூர் திரும்பும்வரை தள்ளிப் போட வேண்டாம்.

பிஜே_நடைக்குழு

குறித்துக்கொண்டோம். படம் 6-ஐ “இனம் தெரியாது” என்ற தலைப்போடே போடுகிறோம். கீரி என்று அடம்பிடித்தவருக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.